டேவிட் கிம் அழித்த வரி

மதுரையிலிருந்து அண்ணன் போன் செய்தார். முந்தைய நாள் இரவு வீட்டில் எல்லோருமாக 'சர்ச்சிங்' படம் பார்த்திருக்கிறார்கள். காணாமல் போன மகளை அவளுடைய இணையக் கணக்குகள் வழியே ஓர் அப்பா தேடும் கதை. "பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய படம் அம்மா இது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இவனுடைய பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வாங்கி ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். நீயும் அவளிடம் வாங்கி வைத்துக்கொள்" என்றார். அவருடைய மகன் பிளஸ் டூ படிக்கிறான், என் மகள் பிளஸ் ஒன். "சரி அண்ணா" என்று சொல்லி போனை வைத்தேன். அண்ணன் சொன்னால் "சரி அண்ணா" என்பது என் வாயில் பழகிப்போன சொல். ஆனால் அந்தப் பேச்சு மனத்தை விட்டு அகலவில்லை. நானும் அதே படத்தைத்தான் பார்த்திருந்தேன், என் மகளோடு, ஒரே சோபாவில் உட்கார்ந்து. அந்தப் படம் அண்ணனிடம் சொன்னதற்கும் என்னிடம் சொன்னதற்கும் இத்தனை தூரம் எப்படி வந்தது என்று பல நாள் யோசித்தேன்.

அண்ணன் கண்டிப்பானவர் என்றால் இதைச் சுலபமாக ஒதுக்கிவிடலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பயந்தவர். செய்தித்தாளில் ஆன்லைன் விளையாட்டு, கடன் செயலி, முகம் தெரியாத நட்பு என்று எதைப் படித்தாலும் அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது. நம் வீடுகளில் கடிதம் வந்த காலத்திலேயே யார் பெயருக்கு வந்திருந்தாலும் அப்பாதான் பிரிப்பார். அதை யாரும் தவறென்று நினைத்ததில்லை. அந்த வழக்கம் செல்பேசிக்கும் தொடர்வதில் வியப்பு இல்லை. ஆனால் அதற்கு இந்தப் படத்தைச் சாட்சிக்கு அழைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் கதையின் முடிவையும் சொல்லியாக வேண்டும். படம் வந்தது 2018இல். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

பச்சைக் குன்றிலிருந்து ஒரு வீடு

படம் விண்டோஸ் எக்ஸ்பி கணினித் திரையின் அந்தப் பச்சைக் குன்றில் தொடங்குகிறது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிய தலைமுறைக்கு அந்தக் குன்றைத் தெரியாமல் இருக்காது. சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் 1996இல் கலிஃபோர்னியாவில் எடுத்த படம் அது. கதை நடப்பதும் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில். டேவிட் கிம், மனைவி பாம், மகள் மார்கோ. கொரிய வம்சாவளிக் குடும்பம். அவர்கள் ஏன் கொரியர்களாக இருக்கிறார்கள் என்று படம் எங்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. இருக்கிறார்கள், அவ்வளவுதான். தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து சான் ஹோசேயில் வளர்ந்த அனீஷ் சகந்தி இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. அக்கம்பக்கத்து வீடுகளை நேரில் அறிந்தவர் எடுத்தது என்பது காட்சிக்குக் காட்சி தெரிகிறது.

முதல் சில நிமிடங்களில் பதினாறு ஆண்டு வாழ்க்கை கடந்துபோகிறது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் நாளில் எடுத்த படங்கள், பியானோ பாடம், கணினியில் குழந்தைக்குத் தனியாக ஒரு கணக்கு. பிறகு தாய்க்கு லிம்போமா என்ற புற்றுநோய் என்று தெரிகிறது. மருத்துவமனையிலிருந்து அம்மா திரும்பும் நாளை நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள் மார்கோ. அந்தக் குறிப்பை ஒரு கை பிடித்து இழுத்துப் பின்னால் ஒரு தேதிக்குத் தள்ளுகிறது. பிறகு அழித்துவிடுகிறது. அழுகை இல்லை, மருத்துவர் இல்லை, இறுதிச் சடங்கு இல்லை. நாள்காட்டியில் ஒரு கட்டம் காலியாகிறது. என் மகள் அந்த இடத்தில் குஷனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு படம் முடியும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

இப்படிக் கணினி, செல்பேசித் திரைகளுக்குள்ளேயே முழுக் கதையையும் நடத்தும் படங்கள் இதற்கு முன்பும் வந்திருக்கின்றன. 2014இல் வந்த 'அன்ஃபிரண்டட்' ஒரு பெண்ணின் மடிக்கணினித் திரையை விட்டு வெளியே வருவதே இல்லை. அதையும் தயாரித்த திமூர் பெக்மம்பெடோவ்தான் சகந்தியிடம் இதை முழுநீளப் படமாக எடுக்கச் சொன்னவர். சகந்தியும் அவரோடு சேர்ந்து எழுதிய சேவ் ஓஹானியனும் முதலில் குறும்படமாகத்தான் நினைத்திருந்தார்கள். ஒரு மில்லியன் டாலருக்குள் எடுத்த படம் உலகம் முழுக்க 75 மில்லியன் டாலருக்கு மேல் ஈட்டியது. படப்பிடிப்பு 13 நாள்தான். படத்தொகுப்புக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் ஆனது. படப்பிடிப்புக்கு முன்பே எல்லாப் பாத்திரங்களையும் இயக்குநரே நடித்து, முழுப் படத்தின் கரட்டு வடிவம் ஒன்றையும் செய்து வைத்திருந்தார்கள். நாம் பார்க்கும் ஒவ்வொரு ஜன்னலும், ஒவ்வொரு அறிவிப்பும், சுட்டியின் ஒவ்வொரு நகர்வும் ஆட்கள் உட்கார்ந்து உருவாக்கியவை. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. சுட்டி ஓரிடத்தில் தயங்கி நின்றால் அது யாரோ யோசித்து நிறுத்திய தயக்கம்.

அனுப்பாத செய்தி

படத்தின் தொடக்கத்திலேயே வரும் ஒரு காட்சி. மகள் படிப்பு விஷயமாகத் தோழி வீட்டில் இருக்கிறாள். குப்பையைக் கொண்டுபோய்ப் போடவில்லை என்று டேவிட் செய்தி அனுப்புகிறார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதே உரையாடலில், உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன், அம்மா இருந்தாலும் பெருமைப்பட்டிருப்பாள் என்ற பொருளில் தட்டச்சு செய்கிறார். அனுப்பவில்லை. சுட்டி துடித்துக்கொண்டு நிற்கிறது. பிறகு அம்மாவைப் பற்றிய வரியை மட்டும் ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு மீதியை அனுப்புகிறார்.

டேவிட்டாக வரும் ஜான் சோ நல்ல நடிகர். ஆனால் இந்த இடத்தில் நடிப்பது அவருடைய முகம் அல்ல, அந்த வரிதான். ஒரு மனிதர் எதைச் சொல்ல வந்து எதை விழுங்கினார் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. நாவலில் எழுத்தாளர் சொல்ல வேண்டும், நாடகத்தில் தனிமொழி பேச வேண்டும். இங்கே எழுதப்படுவதும் அழிக்கப்படுவதும் நம் கண்ணெதிரே நடக்கின்றன. மகளுக்கு மட்டும் தெரியவில்லை. அப்பா அம்மாவைப் பற்றிப் பேச விரும்பாதவர் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றிரவு டேவிட் தூங்கும்போது மகளிடமிருந்து அழைப்புகள் வந்து அடங்குகின்றன. மறுநாள் முதல் அவள் பதில் இல்லை.

அவள் காணவில்லை என்று புரிந்ததும் அவளுடைய நண்பர்களைத் தேட வேண்டும். ஒருவர் எண்கூட அவரிடம் இல்லை. இருப்பது பழைய கணினியில், பாமின் கணக்கில். அதைத் திறக்கும் இடத்தில்தான் நான் உடைந்துபோனேன். பாமின் பெயர் மேல் சுட்டி போகிறது, நிற்கிறது. திறந்ததும், வைரஸ் சோதனை நடந்து இத்தனை நாள் ஆகிவிட்டது என்று கணினி நினைவூட்டுகிறது. மனைவி இறந்த பிறகு யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை என்று படம் சொல்வது அந்த அறிவிப்பின் வழியாகத்தான். மகளின் தோழர்கள் யார், அவர்களின் அம்மாக்கள் யார் என்பதெல்லாம் பாமுக்குத் தெரிந்திருந்தது. அவளோடு அந்தத் தகவலும் மூடிக் கிடந்தது.

பிறகுதான் அண்ணனுக்குப் பிடித்த காட்சி வருகிறது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற பொத்தானை அழுத்தி, ஒரு கணக்கின் சாவியை இன்னொரு கணக்கிலிருந்து எடுத்து, மகளின் உலகத்துக்குள் டேவிட் நுழைகிறார். ஃபேஸ்புக் நண்பர்களை ஒரு விரிதாளில் வரிசையாக எழுதி ஒவ்வொருவராக அழைக்கிறார். பெரும்பாலானவர்களுக்கு மார்கோவை அவ்வளவாகத் தெரியாது. பள்ளியில் தனியாகச் சாப்பிடுகிற பெண் அவள். பியானோ வகுப்பை விட்டு ஆறு மாதம் ஆகிறது. வகுப்புக்கு 100 டாலர் என்று அப்பா கொடுத்ததைச் சேர்த்து வைத்து, 2,500 டாலரை யாருக்கோ அனுப்பியிருக்கிறாள். இவையெல்லாம் தெரியவரும்போது நாமும் டேவிட்டோடு சேர்ந்து அடுத்த கதவைத் திறக்கத் துடிக்கிறோம். அதை நான் மறுக்கவில்லை. பிள்ளை காணாமல் போனால் நானும் எல்லாப் பூட்டையும் உடைப்பேன். அதில் எனக்கும் அண்ணனுக்கும் வேறுபாடு இல்லை.

ஆனால் கதவுகளுக்குப் பின்னால் இருந்தது என்ன? தாயை இழந்த ஒரு பெண், அம்மாவைப் பற்றிப் பேச ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். முகம் காட்டிப் பேசும் தளம் ஒன்றில், தன் அம்மாவுக்கும் புற்றுநோய் என்று சொல்லிய ஒரு அநாமதேயத் தோழியிடம் மனம் திறக்கிறாள். அந்த 2,500 டாலர் போனதும் அங்கேதான். சித்தப்பா பீட்டரோடு சேர்ந்து கஞ்சா புகைத்திருக்கிறாள் என்பது தெரிந்து டேவிட் கொதிக்கும்போது, அவளுக்குப் பேச ஒரு ஆள் தேவைப்பட்டது, நீ பாமைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று பீட்டர் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். படத்தின் மர்மம் முழுவதும் அந்தக் குற்றச்சாட்டில் வந்து முட்டுகிறது. அந்த அநாமதேயத் தோழிக்கு மார்கோவின் வாழ்வில் இடம் கிடைத்தது டேவிட் விட்டுவைத்த வெற்றிடத்தில்.

ஆச்சியின் குரல்

பாமின் கணினிக் கணக்கு திறந்தபோது என் மகள், "ஆச்சி போன் மாதிரி இல்லையா அம்மா?" என்று கேட்டாள். படத்தை நிறுத்தவில்லை. நான் பதிலும் சொல்லவில்லை.

என் அம்மா இறந்த பிறகு அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு திருச்சியில் இருக்கிறார். அம்மாவின் செல்பேசியையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாலையும் அதற்குச் சார்ஜ் போடுகிறார். காலையில் அம்மாவின் பள்ளித் தோழிகள் குழுவிலிருந்து முருகன் படத்தோடு வணக்கம் வரும், ஒலி எழும்பும். யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வேண்டாம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் தொடுவதில்லை. திதி அன்று அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைப்போம். மற்ற நாள்களில் அம்மாவின் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவோம்.

படம் முடிந்து விளக்கு போட்ட பிறகு மகள் தன் போனை எடுத்து, நான் கேட்காமலேயே, ஆச்சி அனுப்பிய குரல் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அம்மா எப்போதுமே பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுவார், அதனால் முதல் சொல்லில் பாதி விழுந்திருக்கும். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்கிறார். பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. நடுவில் பேச்சை விட்டுவிட்டு, அப்பாவிடம் கேட்டைச் சாத்தச் சொல்கிறார். பிறகு எங்கே விட்டோம் என்று தெரியாமல் மறுபடி பரீட்சையைப் பற்றியே கேட்கிறார். இப்படி நிறையப் பதிவுகளை அவள் நட்சத்திரக் குறியிட்டுத் தனியாக வைத்திருக்கிறாள். இரவில் சில நாள் கேட்பாளாம். "நீ அழுவாய் என்றுதான் சொல்லவில்லை" என்றாள். இரண்டு பேரும் விடியும் வரை எல்லாவற்றையும் கேட்டோம்.

அண்ணன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த இரவுதான். முன்பே அவளிடம் பாஸ்வேர்டு வாங்கி வைத்திருந்தால் அந்தப் பதிவுகள் என் கண்ணில் பட்டிருக்கும். ஆயிரம் செய்திகளுக்கு நடுவே, தேதியும் நீளமும் போட்ட ஒரு நீலக் கோடாகப் பட்டிருக்கும். யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்குப் பேசுகிறாள் என்று தேடும் கண் அதைத் தாண்டிப் போயிருக்கும். கேட்டிருந்தாலும் திருட்டுத்தனமாகக் கேட்டிருப்பேன். கேட்டதை அவளிடம் சொல்ல முடிந்திருக்காது.

எல்லாம் தெரிந்த தாய்

அண்ணனிடம் நான் இன்னும் சொல்லாத ஒன்று உண்டு. படத்தில் இரண்டு பெற்றோர் இருக்கிறார்கள். ஒருவர் டேவிட், மகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். இன்னொருவர் வழக்கை விசாரிக்கும் காவல்துறைத் துப்பறிவாளர் ரோஸ்மேரி விக். தன் மகனைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். டேவிட்டைத் தேற்றும் போது அவர் ஒரு கதை சொல்கிறார். மகன் சிறுவயதில், காவல்துறை நிதிக்கு என்று பொய் சொல்லி வீடு வீடாகப் பணம் வாங்கினான், தெரிந்ததும் அவனைக் காட்டிக்கொடுக்காமல் தானும் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன் என்கிறார். முதல்முறை பார்க்கும்போது அது ஒரு தாயின் ஆறுதல் வார்த்தையாகத்தான் ஒலிக்கிறது. இரண்டாவது முறை கேட்கும்போது அதுதான் வாக்குமூலம்.

மார்கோவிடம் வேறொரு பெண்ணின் படத்தை முகமாக வைத்துப் பேசியவன் விக்கின் மகன் ராபர்ட். மார்கோ மேல் அவனுக்கு வெகுநாளாக விருப்பம். பணத்தைத் திருப்பிக் கொடுக்க நினைத்து ஏரிக்கரையில் அவள் காரில் ஏறுகிறான். அவள் பயந்து ஓட, கைகலப்பில் பள்ளத்தில் விழுகிறாள். மகன் தாயிடம் ஓடுகிறான், தாய் எல்லாவற்றையும் மறைக்கத் தொடங்குகிறார். வழக்கு அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது தெரியும் இடம் படத்தின் மிகப் பெரிய அதிர்ச்சி.

அந்தத் தாய்க்கு எந்த பாஸ்வேர்டும் தேவைப்படவில்லை. மகன் எங்கே போனான், என்ன செய்தான் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அந்த அறிவை வைத்துக்கொண்டு அவர் செய்ததோ உயிரோடு கிடக்கும் ஒரு பெண்ணைப் பள்ளத்திலேயே விட்டது. பிள்ளையின் ரகசியம் முழுவதும் பெற்றோர் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ரோஸ்மேரி விக்கை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? அண்ணன் அவரை வில்லி என்று ஒதுக்கிவிட்டார். நான் அவரை ஒரு தாய் என்றே பார்க்கிறேன், அதனால்தான் பயப்படுகிறேன்.

மகேஷ் நாராயணன் 2020இல் பொதுமுடக்கத்தின் நடுவே எடுத்த மலையாளப் படம் 'சீ யூ சூன்' இதே வடிவத்தில் வந்தது. அங்கே தேடலே சந்தேகத்தில் தொடங்குகிறது. மகன் திருமணம் செய்யப்போகும் பெண்ணைப் பற்றி விசாரிக்கச் சொல்லி ஒரு தாய் கேட்க, கணினி நுட்பம் தெரிந்த உறவினன் அந்தப் பெண்ணின் கணக்குகளுக்குள் நுழைகிறான். ஃபகத் ஃபாசில் அந்த வேடத்தில் காட்டும் அலட்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குற்றவுணர்வாக மாறுகிறது. எத்தனையோ தகவல் திரட்டியும், அவள் அடைபட்டுக் கிடக்கும் நரகத்தை அவன் மிகத் தாமதமாகத்தான் உணர்கிறான். திரைகளைத் துருவுவது தவறாகவும் போகலாம் என்பதில் அது 'சர்ச்சிங்'கை விடத் துணிச்சலான படம்.

'சர்ச்சிங்' சமூக ஊடகத்தின் மேல் வைக்கும் கண்ணிலும் நேர்மை இருக்கிறது. மார்கோவைத் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று டேவிட்டிடம் சொன்ன பெண், செய்தி பரவியதும் உயிர்த்தோழியாக மாறி வீடியோவில் அழுகிறாள். முன்பின் தெரியாதவர்கள் அப்பாதான் கொன்றிருப்பார் என்று எழுதுகிறார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கதைதான், அதைப் படமும் வேகமாகக் கடந்துவிடுகிறது.

படத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தண்ணீர் இல்லாமல் அத்தனை நாள் உயிர் பிழைக்க முடியாது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, நடுவில் பெய்த புயல்மழையை டேவிட் நினைவுகூர்கிறார், மகள் உயிரோடு மீட்கப்படுகிறாள். கடைசியில், முன்பு அழித்த அதே வரியை எழுதி அனுப்புகிறார். அனுப்பியதும் படம் நிம்மதியாக முடிகிறது. மகளின் பதில் என்னவாக இருந்தது, அம்மாவைப் பற்றி அப்பாவும் மகளும் பேசத் தொடங்கிய முதல் நாள் எப்படி இருந்தது என்று இன்னும் பத்து நிமிடம் காட்டியிருக்கலாம். எங்கள் வீட்டில் அது எளிதாக இல்லை. குரல் பதிவுகளை அப்பாவிடம் போட்டுக் காட்டலாமா என்று மகள் கேட்டாள். நான் தயங்கினேன், அவள் தயங்கவில்லை. அப்பா முதல் பதிவின் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, கேட்டைச் சாத்தச் சொல்லும் அந்தப் பதிவைத் தன் போனுக்கும் அனுப்பச் சொல்லி அவளிடம் கேட்டிருக்கிறார்.

அண்ணனிடம் அடுத்த வாரம் பேசியபோது, பாஸ்வேர்டு வாங்கவில்லை, வாங்கப் போவதும் இல்லை என்று சொன்னேன். எப்போதும் வரும் "சரி அண்ணா" அன்று வரவில்லை. நீ படித்தவள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று கொஞ்சம் கோபமாகவே வைத்தார். அவருக்கு இப்போது 'மிஸ்ஸிங்' படத்தை அனுப்பியிருக்கிறேன். 'சர்ச்சிங்'கைப் படத்தொகுப்பு செய்த நிக் ஜான்சனும் வில் மெரிக்கும் 2023இல் இயக்கியது. அதில் கொலம்பியாவுக்குப் போன அம்மா காணாமல் போகிறாள், மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மாவின் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறாள். அம்மா பல ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்த வாழ்க்கை முழுவதும் மகள் கைக்கு வருகிறது. தன் பாஸ்வேர்டுகள் மகனின் நோட்டில் எழுதப்பட்டிருப்பதை ஒரு நிமிடம் அண்ணன் கற்பனை செய்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவர் போன் செய்வார். அன்று எங்களுக்குள் பெரிய சண்டை நடக்கும். நடக்கட்டும், இதற்காகச் சண்டை போட நான் தயார்.